வேலிக்காத்தான் யாருடைய நிலத்தில் நிற்கிறது?

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை பக்கம் இந்த மரத்துக்கு வேலிக்காத்தான் என்று பெயர். தெற்கே போனால் சீமைக்கருவேலம். தாவரவியலில் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா. ஏரி உள்வாய், ஓடைக்கரை, சுடுகாட்டுப் பாதை, காலனிக்குப் பின்னால் கிடக்கும் புறம்போக்கு என்று நம் மாவட்டத்தில் அது நிற்காத இடம் குறைவு. அதை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது, அரசு கொள்கை வகுத்திருக்கிறது, கல்லூரி மாணவர்கள் மண்வெட்டியோடு ஏரிக்குப் போகிறார்கள். அந்த வேலையை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் முள்ளை வெட்டப் போகும் தோழர்கள் கேட்டாக வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த மரத்தை இங்கே கொண்டுவந்தது யார்? இத்தனை காலம் இதை வெட்டிப் பிழைத்தது யார்? வெட்டி முடித்த பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நடக்கும் முள் ஒழிப்பு, நிலமில்லாதவரிடமிருந்து விறகைப் பறித்து நிலமுள்ளவரிடம் நிலத்தைச் சேர்ப்பதில்தான் முடியும்.

கள்ளியில் தொடங்கிய கதை

வெளிநாட்டுச் செடி ஒன்று அரசின் கையால் நுழைந்து, பிறகு அரசாலேயே அடக்க முடியாமல் போனது சென்னை மாகாணத்துக்குப் புதிதல்ல. வேலிக்காத்தானுக்கு முன்பு சப்பாத்திக்கள்ளி இருந்தது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து அந்தச் சாயம் கிடைக்கும், அந்தப் பூச்சி வாழ்வதோ கள்ளியில். அதனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது நல்ல சாயம் தரும் இனமல்ல. சாய வியாபாரம் படுத்துவிட்டது, கள்ளி மட்டும் பரவிக்கொண்டே போனது.

அந்தத் தவறான பூச்சி ஒரு கள்ளி இனத்தைத் தின்று அழித்ததைப் பிறகுதான் கவனித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியை ஒழிக்கவென்றே விட்டார்கள். செடியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டு அடக்கும் முறைக்கு உலகிலேயே முதல் எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். எஞ்சியிருந்த இன்னொரு கள்ளி இனம் 1920களில் வேறொரு கொச்சினீல் பூச்சியால் ஒடுங்கியது. ஆக, அயல் செடியை அடக்கிய அனுபவம் இந்த மண்ணுக்கு உண்டு. கூடவே இன்னொரு பாடமும் உண்டு. லாபக் கணக்கு போட்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். கள்ளி முள் குத்தியது செருப்பில்லாமல் நடந்த, செருப்புப் போட்டு நடக்க அனுமதிக்கப்படாத கால்களில்.

பஞ்ச காலத்தில் வந்த விதை

வேலிக்காத்தானைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. காமராசர் கொண்டுவந்தார் என்பார்கள். நம்மை அழிக்க அமெரிக்கா கோதுமையோடு கலந்து அனுப்பியது என்பார்கள். ஆவணங்கள் அதற்கெல்லாம் வெகு முன்னால் போகின்றன. 1876ல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் இந்த மரத்தின் விதையைத் தருவிக்கும்படி வருவாய்த் துறைக்கு எழுதினார். 1877ல் ஜமைக்கா வழி வந்த விதை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பா பகுதியில் ஊன்றப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்து வறண்ட நிலத்து மரம் இப்படித்தான் நம் பக்கம் வந்தது.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். தென்னிந்தியா முழுக்க லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிலமும் தானியச் சேமிப்பும் இல்லாத பண்ணையாட்களும் கூலிகளும்தான் முதலில் விழுந்தார்கள். இன்னொரு பக்கம் ரயில் எஞ்சினுக்கும் நகரத்து அடுப்புக்கும் விறகு தேவைப்பட்டு, காடுகள் அழிந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஊற்றாமல், உரமிடாமல், எந்த மண்ணிலும் வளரும் விறகு மரம் அரசுக்கு வேண்டியிருந்தது. அடுத்து 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லை போட்டதும், அதுவரை சுள்ளி பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போய்வந்த மக்கள் குற்றவாளிகளானார்கள். மக்களைக் காட்டிலிருந்து வெளியேற்றிய அதே காலத்து ஆட்சி, வெளியே இருந்த "தரிசு" நிலத்துக்கு முள் விறகைக் கொடுத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் அரசே இந்த மரத்தை ஊக்குவித்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரும் புல்வெளி இருக்கிறது. உப்பு நிலம் பரவாமல் தடுப்பதாகச் சொல்லி 1960களில் அங்கே வனத்துறை இந்த மரத்தை நட்டது. எருமை மேய்த்து வாழும் மால்தாரிகளின் புல்வெளியை முள் விழுங்கிவிட்டது. அவர்கள் இதற்கு வைத்த பெயர் காண்டோ பாவல், அதாவது பைத்தியக் கருவேலம்.

"தரிசு" என்ற சொல்

பெட்டோம் கடிதம் எழுதிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1891ல், செங்கல்பட்டு ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் ஓர் அறிக்கை தந்தார். பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரரின் தயவில் இருப்பதையும், அவர்கள் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர்கள் தடுப்பதையும் அதில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ல் அரசாணை 1010 பிறந்தது. அதன்படி ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் தவிர வேறு எவருக்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை.

முள் விதைக்கும் நமக்கும் ஒரே வருவாய்த் துறை ஒரே வகை நிலத்தைத்தான் காட்டியது. ஏரிப் பாசனம் பாயும் நஞ்சையை யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கல்லும் களரும் மேடுமாகக் கிடந்த தரிசுதான் பஞ்சமி நிலமானது. கிணறு வெட்டப் பணமில்லை, ஏர் மாடு இல்லை, கடன் கொடுப்பவனோ நிலத்தின் மேல் கண் வைத்தவன். இரண்டு வருடம் மழை பொய்த்து, குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் போனால் நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் நிலத்தில் வேலிக்காத்தான் மூன்றே வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வந்துவிடும். அதைப் பிடுங்க ஆகும் செலவு ஒரு கூலிக் குடும்பத்தின் சக்திக்கு மீறியது. முள் மண்டிய நிலத்தை "எதற்கும் ஆகாது" என்று சொல்லி, கொஞ்சப் பணத்துக்கு வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்வது எளிது. வாங்கியவன் இயந்திரம் விட்டு முள்ளைத் தள்ளிவிட்டுப் போர் போட்டால், அதே தரிசு கரும்புத் தோட்டம்.

பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்கு நாம் கொடுத்த விலையையும் மறக்க முடியாது. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள்.

மரம் செய்யும் கேடு

இதைப் படித்துவிட்டு முள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த மரம் கேடு செய்கிறது. வேர் வெகு ஆழம் போகும். மற்ற செடிகள் காயும் கோடையிலும் இது பச்சையாக நிற்கக் காரணம், அவற்றுக்கு எட்டாத ஈரத்தை இது உறிஞ்சுவதுதான். இதன் இலைகளில் உள்ள வேதிப்பொருள்கள் அக்கம்பக்கத்து விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. அடர்ந்து வளர்ந்த முள்ளுக்கடியில் புல் இருக்காது, புல் இல்லாத இடத்தில் மேய்ச்சல் இருக்காது. ஏரி உள்வாயில் மண்டினால் வண்டல் தேங்கி நீர் கொள்ளும் அளவு குறையும், வரத்து வாய்க்கால் அடைபடும்.

பரவும் விதம் இன்னும் சாமர்த்தியமானது. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, அந்த எருவிலேயே முளைக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் விழுந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். கென்யாவின் பாரிங்கோ பகுதியில் இந்த மரத்தை 1980களில் நட்டார்கள். இனிப்பு நெற்றைத் தின்று ஆடுகளுக்குப் பல் விழுந்துவிட, அங்குள்ள இல் சாமுஸ் மக்கள் பல்லில்லாத ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் அரசின் மேல் வழக்கு நடத்தினார்கள். மரத்தின் மேல் கோபப்படுவதோடு நிற்காமல், நட்டவரைக் கூண்டில் ஏற்றிய வழக்கு அது.

அதே சமயம் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், நிழலில் கட்டிய மாடு மலடாகும், கிளையில் உட்கார்ந்த கோழி செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்மவர்கள் பரப்ப வேண்டியதில்லை. உண்மையில் உள்ள கேடே போதும்.

யார் அடுப்பு எரிந்தது

ஊர்த் தோப்பில் சுள்ளி பொறுக்கினால் அடி விழுந்த காலத்தில், காட்டில் நுழைந்தால் வழக்குப் போட்ட காலத்தில், யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரே மரம் வேலிக்காத்தான். சேரிப் பெண்களின் அடுப்பு அதில்தான் எரிந்தது. குடிசைக்குக் கழியும் ஆட்டுப்பட்டிக்கு வேலியும் அதில்தான் கிடைத்தன. மழை இல்லாத வருடத்தில் முள் வெட்டும் கூலியும் கரி மூட்டம் போடும் கூலியும்தான் கஞ்சி ஊற்றின. இராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கரித் தொழில் இன்றும் பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு.

அந்தப் பிழைப்பு விடுதலையாக இருந்ததில்லை. ஏரி முள்ளை ஏலம் விட்டால் ஏலம் எடுப்பவர் ஊர்க்காரர், முன்பணம் வாங்கிக்கொண்டு வெட்டுபவர் காலனிக்காரர் அல்லது இருளர். மரம் வெட்டும் தொழில் வட தமிழகத்தில் இருளர்களைக் கொத்தடிமையாக வைத்திருந்த தொழில்களில் ஒன்று. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. மாநிலம் முழுக்க முள் வெட்டும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கும்போது, அதை எந்தக் கைகள் எந்த நிபந்தனையில் வெட்டப்போகின்றன என்று கேட்பது சமூக நீதிக் கேள்வி மட்டுமல்ல, சட்டக் கேள்வியும்கூட.

நீதிமன்றமும் கொள்கையும்

வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. 2017 தொடக்கத்தில் மாவட்டந்தோறும் வேலை வேகமெடுத்தது. தனியார் நிலத்தில் உரிமையாளர் அகற்றாவிட்டால் அரசே அகற்றிச் செலவை அவரிடமே வசூலிக்கும் என்று சொல்லப்பட்டது. அறிவியல் ஆய்வு இல்லாமல் ஒட்டுமொத்தமாக வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022ல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது.

அந்த வசூல் உத்தரவைக் காலனிப் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். நூறு ஏக்கர்காரருக்கு இயந்திர வாடகை ஒரு செலவே அல்ல. அரை ஏக்கர் நிபந்தனைப் பட்டா வைத்திருக்கும் விதவைத் தாய்க்கு அது கடன். கடன் வந்தால் நிலம் போகும். நூற்று நாற்பது ஆண்டுக்கும் முன்பே அரசு கொண்டுவந்த மரத்துக்கு அபராதம் கட்டுவது அந்தத் தாயா?

மலையிலும் இதே கேள்வி

நம் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் அங்கிருந்துதான் வருகின்றன. மலையில் தண்ணீர் பிடிக்கும் காடு கெட்டால் கீழே ஏரிகளின் கதை முடிந்துவிடும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் 1970கள் வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். 1976ல்தான் அந்த ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன.

மலைக் காடுகளின் எதிரி வேறு செடி: உண்ணிச்செடி என்கிற லாண்டானா. 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து, இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுப் பரப்பை அச்சுறுத்துகிறது. இது மண்டினால் புல் போகும், காய்ந்தால் காட்டுத் தீக்கு எரிபொருளாகும். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் லாண்டானாத் தண்டில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிகள் அதே தண்டில் முழு உருவ யானைகள் செய்து உலகம் முழுக்கக் காட்டினார்கள். இது நல்ல வழி. ஆனால் கைவினை மட்டும் காட்டை மீட்டுவிடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தன் காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் கிராம சபைக்கே உரிமை தருகிறது. சமூக வன உரிமை கிடைத்த ஊர், செடியை அகற்றுவதில் கூலியாளாக நிற்காது, முடிவெடுப்பவராக நிற்கும்.

என்ன கேட்க வேண்டும்

எப்படி அகற்றுவது என்பது தெரிந்த விஷயம்தான். தரைமட்டத்தில் வெட்டுவதில் பயனில்லை, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதிக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். நெற்று பழுப்பதற்கு முன்பே வேலை முடிய வேண்டும். மழை பெய்ததும் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும், அதைக் குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும். வெற்றிடத்தில் உடனே புல்லும் நாட்டு மரங்களும் வராவிட்டால் முள்ளே திரும்ப வரும். தென்னாப்பிரிக்காவில் நெற்றுக்குள் விதையைத் தின்னும் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். மரம் பலருக்குப் பயன்படுவதால் மரத்தை விட்டுவிட்டுப் பரவலை மட்டும் குறைக்கும் ஏற்பாடு அது. பூச்சி விடுவது அறிவியலாளர்கள் முடிவெடுக்க வேண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டியது பல ஆண்டு உழைப்பு. ஒரு நாள் இயந்திரம் விட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் அது முடியாது.

அந்த உழைப்பு காலனிக்கும் மலைக்கும் நியாயமான கூலியாக வர வேண்டும், முன்பண அடிமைத்தனமாக வரக் கூடாது. ஏரி முள் ஏலத்தில் தலித் மகளிர் குழுக்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் முன்னுரிமை வேண்டும். சிறு பட்டாதாரர் நிலத்தில் அரசு செலவிலேயே அகற்ற வேண்டும். விறகை நம்பிய அடுப்புகளுக்கு மாற்று உறுதியாகும்வரை கட்டம் கட்டமாகத்தான் வெட்ட வேண்டும். இத்தனைக்கும் முதலாக, வெட்டும் முன் நிலத்தை அளந்து அது யாருடையது என்று ஊரறியச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வேலையை மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கலாம். உங்கள் ஊரில் முள் மண்டிய இடங்களின் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஏ பதிவேடும் அடங்கலும் புல வரைபடமும் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 1980களில் யூ.டி.ஆர் பதிவு மாற்றம் நடந்ததல்லவா, அதற்கு முந்தைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். டி.சி. நிலம் என்றோ நிபந்தனைப் பட்டா என்றோ இருந்த குறிப்பு புதிய பதிவேட்டில் காணாமல் போயிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்குங்கள். அதன் பிறகு மண்வெட்டியை எடுங்கள், நாங்களும் வருகிறோம்.

ஜெய்பீம்.